முன்னணை தரும் செய்தி



மார்கழித் திங்களின் குளிர்ந்த இரவுகளில் நம் நாட்டு ஊர்கள் பலவற்றிலே ஓர் அழகிய காட்சியைக் காணலாம். வீட்டு வாயில்களில் வண்ணத்தாள் ஒட்டிய விண்மீன் விளக்குகள் தொங்கும். கோயில் மணி நள்ளிரவில் ஒலிக்கும். புத்தாடை அணிந்த சிறுவரும் சிறுமியரும் உறக்கம் கலைந்த கண்களோடு பெற்றோரைப் பின்பற்றிச் செல்வர். பொழுது புலர்ந்ததும் பலகாரத் தட்டுகள் வீட்டுக்கு வீடு செல்லும். சமய வேறுபாடு பாராமல் அண்டை வீட்டார் அவற்றை ஏற்று மகிழ்வர். டிசம்பர் 25ஆம் நாளன்று உலகெங்கும் கொண்டாடப்பெறும் கிறிஸ்துமஸ் திருநாளின் புறத்தோற்றம் இது.

புறத்தோற்றம் அழகானதே, அதனைக் குறைகூற வேண்டுவதில்லை. ஆயினும், தேர்த்திருவிழாவுக்குச் சென்ற ஒருவன் தேரின் உயரத்தையும், அதன் சிற்பங்களையும், வடம் பிடிப்போர் கூட்டத்தையும் கண்டு வியந்துவிட்டு, தேரில் எழுந்தருளிய தெய்வத்தைக் காணாமலே வீடு திரும்பினால் அவனை நாம் என்னென்று சொல்வோம்? விழாக்கள் எல்லாவற்றுக்கும் இத்தகைய இடர் உண்டு. ஆரவாரம் மிகுந்த அளவுக்கு உட்பொருள் மறைந்துபோகும். கிறிஸ்துமஸ் விழாவின் தேரிலே எழுந்தருளியிருக்கும் பொருள் யாது என்பதைச் சிறிது நேரம் சிந்திப்போம். கிறிஸ்தவ மாணவர்க்கு அது தம் வீட்டுச் செல்வம். பிற சமயத்து மாணவர்க்கு அது அண்டை வீட்டுச் செல்வம். அண்டை வீட்டில் ஏற்றிய விளக்கும் நம் தெருவுக்கு ஒளி தருவதன்றோ?

விவிலியத்தின் புதிய ஏற்பாட்டில் நற்செய்தி நூல்கள் நான்கு உள்ளன. அவற்றுள் மத்தேயு, லூக்கா ஆகிய இருவர் எழுதியவற்றில் மட்டுமே இயேசு பெருமானின் பிறப்பு வரலாறு காணப்படுகிறது. லூக்கா சொல்லும் வரலாறு மிகவும் சுருக்கமானது. உரோமப் பேரரசன் அகஸ்டஸ் தன் ஆட்சிக்குட்பட்ட மக்களைக் கணக்கெடுக்குமாறு ஆணையிடுகிறான். ஒவ்வொருவரும் தத்தம் முன்னோர் ஊருக்குச் சென்று பெயரைப் பதிய வேண்டும். கலிலேயா நாட்டு நாசரேத்தூரில் வாழ்ந்த யோசேப்பு என்னும் தச்சர் தாவீது மன்னனின் வழிவந்தவர். ஆதலால், நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவிலுள்ள பெத்லகேமுக்கு அவர் புறப்படுகிறார். நிறைசூலியாகிய மரியம்மையும் உடன் செல்கிறார். அங்கே பேறுகாலம் வந்தடைகிறது. தங்கும் விடுதியில் இடமில்லை. பிறந்த குழந்தையைத் துணிகளில் சுற்றி, முன்னணையிலே கிடத்துகிறார் தாய்.

முன்னணை என்னும் சொல்லைத் தமிழ் விவிலியத்தைப் படித்தோர் அறிவர். மாடுகளுக்குத் தீனி வைக்கும் தொட்டி அது. லூக்கா ஒரே அதிகாரத்தில் அச்சொல்லை மும்முறை எடுத்தாளுகிறார். அகஸ்டஸ் பேரரசனின் பெயரோ அவ்வதிகாரத்தில் ஒருமுறைதான் வருகிறது. உலகை ஆண்டவனைத் தொடக்கத்தில் ஒரு வரியில் நிறுத்திவிட்டு, மாட்டுத் தொட்டியைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார் ஆசிரியர். அவர் கண் எங்கே நிலைத்திருந்தது என்பது இதனால் விளங்குகிறதல்லவா?

இன்னும் ஒன்று. பெத்லகேம் என்னும் எபிரேயப் பெயருக்கு ‘அப்பத்தின் வீடு’ என்பது பொருள். அப்பத்தின் வீடு எனப் பெயர் பெற்ற ஊரில், உணவு வைக்கும் தொட்டியில், ஒரு குழந்தை கிடத்தப்பெற்றது. பிறர் பசிக்குத் தம்மையே உணவாகத் தரவந்தவர் அவர் என்று கிறிஸ்தவ சமயச் சான்றோர் இதற்கு உட்பொருள் கண்டனர். எளிமையான ஒரு செய்தியினுள் எவ்வளவு ஆழம் இருக்கக்கூடும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

விடுதியில் இடமில்லை என்ற செய்தியைச் சற்று நின்று நோக்குவோம். பள்ளிகளில் நடிக்கப்பெறும் கிறிஸ்துமஸ் நாடகங்களிலே கடுகடுத்த முகத்துடன் ஒரு விடுதிக்காரன் தோன்றுவான், கதவைச் சாத்துவான். ஆனால், நற்செய்தி நூலில் அத்தகைய மனிதன் ஒருவனும் இல்லை. யாரும் அவர்களைத் திட்டியதாகவோ விரட்டியதாகவோ லூக்கா எழுதவில்லை. இடம் இல்லை, அவ்வளவுதான். ஊரெல்லாம் மக்கள் நிறைந்திருந்தார்கள், விடுதியும் நிறைந்திருந்தது. கொடுமையினால் அன்று, நிறைவினாலேயே அக்குழந்தைக்கு இடம் கிடைக்காமற் போயிற்று.

மாணவச் செல்வர்களே, நம் வாழ்க்கையிலும் பெரும்பாலும் இவ்வாறுதான் நிகழ்கிறது. நல்லதை வெறுத்து ஒதுக்குவோர் மிகச் சிலரே. ஏனையோர் நல்லதற்கு இடமின்றி நிறைந்திருப்பவர்கள். தேர்வு, விளையாட்டு, பொழுதுபோக்கு, நட்பு, போட்டி, புகழாசை என்று நம் உள்ளத்தின் அறைகள் எல்லாம் நிரம்பிக் கிடக்கின்றன. துன்புற்ற நண்பன் ஒருவன் வாயிலில் வந்து நிற்கும்போது, “வராதே” என்று நாம் சொல்வதில்லை. “நேரமில்லை” என்று சொல்கிறோம். அந்த ‘நேரமில்லை’ என்பது பெத்லகேமில் கேட்ட ‘இடமில்லை’ என்பதன் எதிரொலியே ஆகும். உள்ளத்திலே ஓர் அறையையேனும் ஒழித்து வைத்திருத்தல் வேண்டும் என்பது முன்னணை தரும் முதற்செய்தி.

அன்றிரவு வயல்வெளியிலே ஆட்டுமந்தையைக் காத்துக்கொண்டிருந்த இடையர்களுக்கு வானவர் தோன்றிப் பிறப்பை அறிவித்ததாக லூக்கா மேலும் கூறுகிறார். மீட்பர் பிறந்திருக்கிறார் என்று சொன்ன வானவர், அவரைக் கண்டறிய ஓர் அடையாளமும் தருகிறார். அந்த அடையாளம் மணிமுடியா? பொன்தொட்டிலா? அரண்மனைக் கொடியா? ஒன்றும் இல்லை. துணியில் சுற்றப்பெற்று முன்னணையில் கிடக்கும் ஒரு குழந்தையே அடையாளம்! துணியில் சுற்றிய குழந்தை எந்த ஊரிலும் உண்டு. எந்த ஏழைத் தாயின் மடியிலும் உண்டு. இறைமையைத் தேடுவோர் வியப்புக்குரிய இடங்களில் தேடுகின்றனர். எளிமையில் தேடுங்கள் என்று விரல் நீட்டிக் காட்டுகிறது அந்த அடையாளம்.

இடையர்கள் உடனே சென்று கண்டார்கள். மத்தேயு எழுதிய நூலிலோ வேறொரு கூட்டத்தார் வருகிறார்கள். கீழ்த்திசையிலிருந்து விண்மீன் ஒன்றைக் கண்டு புறப்பட்ட ஞானியர் அவர்கள். மூன்று அரசர் என்று அவர்களைப் பிற்காலத்தார் பாடியும் ஓவியந் தீட்டியும் வந்தனர். ஆனால், அவர்கள் மூவர் என்றோ அரசர் என்றோ மத்தேயு சொல்லவில்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என அவர்கள் படைத்த காணிக்கைகள் மூன்று. அதனால் வந்தவரும் மூவர் எனக் கொள்ளப்பட்டது.

இவ்விடத்தில் கல்வி கற்போர் சிறப்பாக எண்ணிப் பார்க்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. ஞானியர் முதலில் எருசலேமுக்கு வந்து, பிறந்திருக்கும் அரசர் எங்கே என்று வினவுகின்றனர். ஏரோது மன்னன் தலைமைக் குருக்களையும் மறைநூல் அறிஞர்களையும் அழைத்துக் கேட்கிறான். அவர்கள் சிறிதும் தயங்கவில்லை. பழைய மறைநூலைச் சான்று காட்டி, பெத்லகேமில்தான் என்று திருத்தமாக விடை சொல்கிறார்கள். தேர்வாயின் அவர்களுக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்! ஆனால், எருசலேமிலிருந்து பெத்லகேம் ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவுதான். விடையறிந்த அறிஞர்களுள் ஒருவரேனும் அவ்வூருக்குச் சென்றதாக நூலில் செய்தி இல்லை. ஊர் பெயர் அறியாத அயல்நாட்டார் நெடுந்தொலைவு நடந்து வந்தனர். ஊரை அறிந்த உள்நாட்டார் பத்துக் கிலோமீட்டர் நடக்கவில்லை. அறிவு வழியைக் காட்டும். நடக்க வேண்டியவை கால்களே. கற்றதோடு நின்றுவிடுவோர்க்கும் கற்ற வழியில் செல்வோர்க்கும் உள்ள வேற்றுமையை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

கிறிஸ்துமஸ் கதை முழுவதும் இன்பமயமானது என்று எண்ணுவோர் அதன் அடுத்த பகுதியைப் படிப்பதில்லை. தன் அரியணைக்குப் போட்டியாக ஒரு குழந்தை பிறந்துவிட்டது என்று அஞ்சிய ஏரோது, பெத்லகேம் பகுதியிலுள்ள இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்ல ஆணையிட்டான் என்கிறார் மத்தேயு. யோசேப்பு கனவில் எச்சரிக்கப்பட்டு, இரவோடு இரவாகத் தாயையும் சேயையும் அழைத்துக்கொண்டு எகிப்து நாட்டுக்கு ஓடுகிறார். வாழ்த்துப் பெற்ற குழந்தை அகதியாகிறது. மேலைத் திருச்சபை டிசம்பர் 28ஆம் நாளை அந்த மாசற்ற குழந்தைகளின் நினைவு நாளாக வைத்திருக்கிறது. பிறந்தநாள் விழாவின் மகிழ்ச்சி அடங்குமுன்னரே இந்தத் துயர நினைவும் வந்துவிடுகிறது. உலகின் துன்பத்தை மறப்பதற்காக ஏற்பட்ட விழா அன்று இது. துன்பம் நிறைந்த உலகின் நடுவிலே ஒளி ஒன்று பிறந்தது என்பதே இதன் கூற்று. நாடிழந்து, வீடிழந்து, கைக்குழந்தையோடு எல்லை கடப்போரைப் பற்றிய செய்திகளை நாம் படிக்கும்போது, கிறிஸ்துமஸ் குடிலிலுள்ள அந்த மூவரின் முகங்கள் நம் நினைவுக்கு வருமானால், விழாவின் பொருளில் ஒரு பாதி நமக்கு விளங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

அம்மூவருள் யோசேப்பைப் பற்றி ஒரு சொல். நற்செய்தி நூல்கள் நான்கிலும் அவர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. கேட்டார், எழுந்தார், செய்தார் என்பதே அவருடைய வரலாறு. ஆரவாரம் மிகுந்த விழாவின் நடுவே அமைதியாய் நிற்கும் அப்பெருந்தகையைக் காப்பியத் தலைவராகக் கொண்டு பெருநூல் ஒன்று தோன்றியது நம் தமிழ் மொழியிலே என்பது பெருமைக்குரியது. இத்தாலி நாட்டிலிருந்து வந்து தமிழ்த்தொண்டாற்றிய வீரமாமுனிவர் 1726ஆம் ஆண்டில் இயற்றிய தேம்பாவணி அது. மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3,615 பாக்களும் கொண்டது. சூசை எனப்படும் யோசேப்புக்கு வளன் என்று அழகிய தமிழ்ப் பெயர் சூட்டினார் முனிவர். பேசாத ஒருவரின் பெருமையைப் பேச மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாக்கள் தேவைப்பட்டன! முன்வரிசையில் நின்று பேசுவோரால் மட்டும் உலகம் நடைபெறுவதில்லை; பின்னே நின்று சுமப்போராலும் நடைபெறுகிறது என்பதற்கு வளனார் சான்றாவார்.

இனி விழாவின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். இயேசு பெருமான் பிறந்த நாளும் மாதமும் நற்செய்தி நூல்களில் குறிக்கப்படவில்லை. ஏரோது கி.மு. 4ஆம் ஆண்டில் இறந்தான் என்று அறிஞர் பெரும்பாலோர் கருதுவதால், பெருமானின் பிறப்பு அதற்குச் சற்று முன்னரே நிகழ்ந்திருத்தல் வேண்டும். உரோம் நகரில் டிசம்பர் 25 பிறந்தநாளாகக் கொள்ளப்பட்டதற்கு நான்காம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற பஞ்சாங்க ஏடு ஒன்று சான்று தருகிறது. கீழைத் திருச்சபைகள் ஜனவரி 6ஆம் நாளைப் போற்றிவந்தன. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் அந்நாளிலேயே கொண்டாடுகிறது. பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் உருசியத் திருச்சபைக்கு விழா ஜனவரி 7ஆம் நாள் வருகிறது. நாள் வேறுபட்டாலும் பொருள் வேறுபடவில்லை. குளிர்காலத்தின் நெடிய இருள் குறையத் தொடங்கும் வேளையில் ஒளியின் பிறப்பைக் கொண்டாடுதல் வடநாட்டு மக்களின் உள்ளத்துக்கு மிகவும் இசைந்திருந்தது.

நூற்றாண்டுகள் பல கழிந்தன. விழா அரசவைகளிலும் பேராலயங்களிலும் செல்வச் சிறப்போடு நடைபெறலாயிற்று. முன்னணையோ கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவந்தது. அதனை மீண்டும் மக்கள் கண்முன் கொண்டுவந்து நிறுத்திய பெருமை அசிசி நகர்ப் பிரான்சிஸ் அடிகளுக்கு உரியது. துணி வணிகச் செல்வரின் மகனாகப் பிறந்து, செல்வமனைத்தையும் துறந்து, வறுமையைத் தம் வாழ்க்கைத் துணையாக ஏற்றுக்கொண்டவர் அவர். 1223ஆம் ஆண்டு, இத்தாலியின் மலைப்பகுதியிலுள்ள கிரேச்சியோ என்னும் சிற்றூரில் கிறிஸ்துமஸ் கொண்டாட விரும்பினார். அவ்வூரில் வாழ்ந்த அன்பர் ஒருவரிடம், பெத்லகேம் குழந்தை பட்ட வறுமையைத் தம் கண்களாலேயே காண வேண்டும் என்ற வேட்கையைத் தெரிவித்தார். அவ்வாறே வைக்கோல் நிரப்பிய முன்னணை ஒன்று அமைக்கப்பட்டது. எருதும் கழுதையும் அழைத்துவரப்பட்டன. ஊர்மக்கள் தீப்பந்தங்களையும் மெழுகுவத்திகளையும் ஏந்திக் காட்டுவழியே திரண்டு வந்தனர். பிரான்சிஸ் அடிகள் நற்செய்தியை இசையோடு ஓதி, எளியவராய்ப் பிறந்த மன்னரைப் பற்றி உருக்கமாகப் பேசினார். இன்று வீடுகளிலும் கோயில்களிலும் நாம் காணும் கிறிஸ்துமஸ் குடில் பரவுவதற்கு அவ்விரவு பெருந்தூண்டுகோலாயிற்று.

அவ்வடிகள் கொண்டிருந்த இன்னொரு விருப்பத்தையும் அவருடைய வரலாற்றை எழுதிய செலானோ ஊர்த் தாமஸ் குறித்து வைத்துள்ளார். பேரரசனைக் காண வாய்ப்புக் கிடைத்தால், கிறிஸ்துமஸ் நாளில் பறவைகள், சிறப்பாக வானம்பாடிகள், உண்ணுமாறு வழிகளில் தானியம் தூவ வேண்டும் என்று ஆணையிடச் சொல்லிக் கேட்பாராம்! செல்வர்கள் ஏழைகளுக்கு வயிறார உணவிட வேண்டும். எருதுகளுக்கும் கழுதைகளுக்கும் வழக்கத்தினும் மிகுதியாகத் தீனி வைக்க வேண்டும் என்பதும் அவர் ஆவல். பெருமானுக்குத் தம் தொட்டியை அளித்த உயிர்கள் அல்லவா அவை? மாட்டுப் பொங்கல் கொண்டாடும் நம் மக்களுக்கு அந்த இத்தாலியத் துறவியின் உள்ளத்தை எடுத்து விளக்க வேண்டிய தேவையே இல்லை.

ஆரவாரத்தை வெறுத்தோர் வேறொரு வழியையும் முயன்று பார்த்தனர். விழாவில் குடியும் கூத்தும் மலிந்துவிட்டன என்று கண்ட இங்கிலாந்துத் தூய்மைவாதிகள், 1647இல் பாராளுமன்றச் சட்டத்தின் வாயிலாகக் கிறிஸ்துமஸ் விழாவையே ஒழிக்க முனைந்தனர். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தார் 1659இல் அந்நாளைக் கொண்டாடுவோர்க்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதித்தனர். 1681 வரை அச்சட்டம் நீடித்தது. ஆனால், சட்டத்தால் விழாவைத் தடுக்க இயன்றதேயன்றி, உள்ளத்தில் பக்தியை ஊட்ட இயலவில்லை. தேர் ஓடாத வீதியில் தெய்வம் தானே வந்துவிடும் என்று எண்ணுதல் பிழை. விழாவும் வேண்டும், அதன் உட்பொருளும் வேண்டும். பிரான்சிஸ் அடிகள் சென்ற வழி விழாவை ஒழித்த வழியன்று. விழாவை அதன் ஊற்றுக்கண்ணுக்கே மீட்டுச் சென்ற வழி.

உட்பொருள் விளங்கிய ஓர் இரவு இருபதாம் நூற்றாண்டிலும் வந்தது. 1914ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் முதல் உலகப்போர் மூண்டது. டிசம்பர் 7ஆம் நாள், போப்பாண்டவர் பதினைந்தாம் பெனடிக்டு, கிறிஸ்துமஸ் நாளிலேனும் பீரங்கிகள் ஓயட்டும் என்று போரிடும் நாடுகளை வேண்டிக்கொண்டார். அரசுகள் இணங்கவில்லை. ஆனால், பெல்ஜியத்திலும் வடபிரான்சிலும் சேறு நிறைந்த பதுங்குகுழிகளில் கிடந்த படைவீரர்கள், கிறிஸ்துமஸ் முன்னிரவில் தாமே ஒரு முடிவுக்கு வந்தனர். ஜெர்மானியர் தம் குழிகளின் விளிம்பில் விளக்குகளை ஏற்றி வைத்துத் தம் மொழியில் பாடினர். எதிர்ப்புறத்து ஆங்கிலேயர் தம் மொழியில் மறுபாட்டுப் பாடினர். பொழுது விடிந்தபோது, படைக்கலமின்றி ஒருவர் பின் ஒருவராக இருதரப்பினரும் இடைவெளியில் வந்து நின்றனர், கைகுலுக்கினர், புகையிலையையும் சட்டைப் பொத்தான்களையும் பரிமாறிக்கொண்டனர், நடுவெளியில் கிடந்த பிணங்களை அடக்கம் செய்தனர்.

எல்லா இடங்களிலும் இவ்வாறு நிகழவில்லை. அன்றும் சில பகுதிகளில் குண்டுகள் பாய்ந்தன, உயிர்கள் மாய்ந்தன. அடுத்த ஆண்டு இத்தகைய நட்புக்கு இடமளிக்கலாகாது என்று படைத்தலைவர்கள் கண்டிப்பான கட்டளை பிறப்பித்தனர். போர் 1918 வரை நீண்டது. அப்படியாயின் அந்த ஓரிரவால் விளைந்த பயன் என்ன என்று நீங்கள் வினவலாம். பகைவன் என்று கற்பிக்கப்பட்டவன் தன்னைப் போலவே குளிரில் நடுங்குபவன், தன்னைப் போலவே தாயை நினைப்பவன், தான் அறிந்த பாட்டையே பாடுபவன் என்று அவ்வீரர்கள் கண்டுகொண்டனர். கண்டதை ஒருநாளும் காணாததாக்க முடியாது. மனிதன் மனிதனைக் கொல்வது இயல்பு என்று கூறுவோர்க்கு அவ்விரவு என்றும் மறுப்பாக நிற்கும்.

அமைதியின் தூதராக வாழ்ந்த காந்தியடிகள் இவ்விழாவைப் பற்றிச் சொன்ன கருத்து இங்கே நினைவுகூரத்தக்கது. 1931ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த வட்டமேசை மாநாட்டிலிருந்து, நாடு எதிர்பார்த்த பயன் கிட்டாமல், அவர் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸ் நாள் கடலின் நடுவே வந்தது. உடன் பயணம் செய்தோருக்கு அவர் இயேசு பெருமானைப் பற்றி உரையாற்றினார். மெய்யான அமைதி உலகில் இன்னும் நிலைபெறவில்லை. ஆதலால் கிறிஸ்து இன்னும் பிறக்கவில்லை, அவர் வருகைக்காக நாம் இன்னமும் காத்திருக்கிறோம் என்ற கருத்துப்பட அவர் பேசினார். அப்பிறப்பு ஆண்டுக்கு ஒருநாள் நினைத்துக்கொள்வதற்கு உரியதன்று; ஒவ்வொருவர் வாழ்விலும் நாள்தோறும் நிகழ வேண்டியது என்பது அவர் கொள்கை. கரை சேர்ந்த சில நாட்களில், 1932 ஜனவரி 4ஆம் நாள், அவர் சிறைப்படுத்தப்பட்டார். சிறைக்குச் செல்லவிருந்த ஒருவர் பகைமையின் நிழலுமின்றி அமைதியைப் பற்றிப் பேசினார் என்பதை எண்ணும்போது, அவர் சொல்லுக்கு அவர் வாழ்வே உரையாக அமைந்திருந்தமை புலப்படும்.

காந்தியடிகள் கூறியது கிறிஸ்தவ மரபுக்குப் புதியதன்று. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மன் நாட்டில் வாழ்ந்த எக்கார்ட் என்னும் ஞானி, கிறிஸ்துமஸ் காலத்துத் தம் அருளுரைகளில் இதனையே வற்புறுத்தினார். முன்னொரு காலத்தில் ஓர் ஊரில் நிகழ்ந்த பிறப்பு, கேட்போனுடைய ஆன்மாவிலும் நிகழாவிடின் அவனுக்கு அதனால் ஆவதென்ன என்பது அவர் எழுப்பிய வினா. அப்பிறப்பு நிகழ வேண்டுமாயின் உள்ளத்தில் ஓசை அடங்க வேண்டும். ஆசைகள் சற்றே விலகி இடந்தர வேண்டும் என்றும் அவர் விளக்கினார். ஒருவர் ஐரோப்பியத் துறவி. மற்றவர் இந்தியத் தலைவர். ஒருவர் கிறிஸ்தவர்; மற்றவர் இந்து. இருவர் கைகளும் ஒரே முன்னணையைச் சுட்டுகின்றன.

பெத்லகேமில் இயேசு பெருமான் பிறந்த இடம் எனப் போற்றப்படும் குகையின்மேல் பழம்பெருங்கோயில் ஒன்று நிற்கிறது. நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசன் காலத்தில் முதலில் எழுப்பப்பெற்றது. ஆறாம் நூற்றாண்டில் புதுப்பித்துக் கட்டப்பெற்றது. கோட்டை போன்ற அக்கட்டடத்தின் வாயிலைக் காண்போர் வியப்படைவர். ஏறத்தாழ நான்கடி உயரமே உள்ள சிறிய வாயில் அது. பழைய பெருவாயிலின் வளைவு சுவரில் இன்றும் தெரிகிறது. அதனைக் கல்லால் அடைத்துப் படிப்படியாகச் சிறிதாக்கியிருக்கிறார்கள். கொள்ளையர் குதிரையேறி உள்ளே புகாதபடி தடுப்பதற்காகச் செய்த ஏற்பாடு என்று சொல்வர். ஆனால், பிற்காலத்தார் அதற்குப் ‘பணிவு வாயில்’ என்று பெயரிட்டனர். அரசனாயினும் ஆண்டியாயினும் குனிந்தே உள்ளே செல்ல வேண்டும். குழந்தைகள் மட்டுமே நிமிர்ந்து நுழைய முடியும்!

கிறிஸ்துமஸ் விழாவின் ஆன்மிகப் பொருள் முழுவதும் அந்த வாயிலில் அடங்கியிருக்கிறது எனலாம். பெரியவராகிய கடவுள் மனிதனைக் காணக் குனிந்தார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அவரைக் காண விரும்பும் மனிதனும் குனிய வேண்டும் அல்லவா? இங்கே குனிதல் என்பது அச்சத்தினால் வளைதல் அன்று, அன்பினால் தாழ்தல். தரையில் விழுந்த குழந்தையைத் தூக்கத் தாய் குனிகிறாள். அதனால் அவள் பெருமை குறைகிறதா?

மாணவ நண்பர்களே, இந்த ஆண்டு விண்மீன் விளக்கை ஏற்றுவோர் ஏற்றுங்கள். பலகாரம் பகிர்வோர் பகிருங்கள். அதனோடு வேறு சிலவும் செய்யலாம். பகைத்துப் பேசாதிருக்கும் தோழன் ஒருவனிடம் முதலில் சென்று பேசலாம். உங்கள் விடுதியிலோ வகுப்பிலோ புதிதாக வந்து, பழக ஆளின்றித் தனியே அமர்ந்திருக்கும் ஒருவனுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கலாம். விழாநாளிலும் ஓய்வின்றி உழைக்கும் துப்புரவுத் தொழிலாளரையும் காவலரையும் மருத்துவமனைச் செவிலியரையும் நின்று வாழ்த்தலாம். இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை, புகழும் இல்லை. இடையர்கள் கையில் ஒன்றும் கொண்டுசென்றதாக லூக்கா எழுதவில்லை. அவர்கள் சென்றார்கள்; அதுவே அவர்கள் காணிக்கை.

பெத்லகேமில் அன்று இடம் கேட்டவர் இன்றும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பசித்தவர் உருவிலும், அகதியின் உருவிலும், பகைவன் என்று நாம் ஒதுக்கியவன் உருவிலும் அவர் நம் வாயிலுக்கு வருகிறார். இடமிருக்கிறது என்று யார் சொல்கிறாரோ, அவர் எச்சமயத்தவராயினும், அவருடைய வீட்டில் கிறிஸ்துமஸ் நிகழ்ந்துவிட்டது.